சுருட்டி வைத்த விறகு

விளக்கு வைக்கிற நேரத்தில் மலேசியாவின் மலாக்காப் பக்கத்துக் குருபோங்கில் எந்தத் தாமான் குடியிருப்புக்குள் நடந்தாலும், வீட்டு கேட்டை நெருங்கும் முன்பே மூக்குக்கு இரண்டு சேதி வந்துவிடும். உள்ளே என்ன குழம்பு கொதிக்கிறது என்பது ஒன்று. வாசற்படியோரம் தகரத் தட்டில் கொசுவத்தி ஏற்றியாகிவிட்டது என்பது இன்னொன்று. கொசுவத்தியைக் கொளுத்துவது அநேகமாக வீட்டுப் பெண்தான். சாமி விளக்கை ஏற்றிய கையோடு அதே தீக்குச்சியில் இதையும் ஏற்றிவிட்டு அடுப்படிக்குப் போவாள். பிள்ளைகளைக் கொசு கடிக்கக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு.

அந்தச் சுருளில் ஒரு துண்டைப் பிட்டுப் பார்க்கலாம். அதில் கொசுவை விரட்டும் மருந்து நூறில் அரைப்பங்குகூட இருக்காது. ஆய்வாளர்கள் சோதித்த சுருள்களில் 0.3 முதல் 0.4 விழுக்காடுதான் இருந்தது. மற்றதெல்லாம் மரத்தூள், சிரட்டைத்தூள் போன்ற எரிபொருளும் ஒட்டுப்பசையும் பச்சைச் சாயமும். மருந்தைச் சிறிது சிறிதாகக் காற்றில் ஏற்ற வேண்டும் என்பதற்காக இரவு முழுக்க மரத்தூள் கனன்றுகொண்டிருக்கிறது. கொசுவத்தி என்பது சுருட்டி வைத்த விறகு.

2003இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்க ஆய்வாளர்களும் மலேசிய ஆய்வாளர்களும் சேர்ந்து இந்தப் புகையை அளந்தார்கள். சீனாவில் விற்கும் நான்கு வகை, மலேசியாவில் விற்கும் இரண்டு வகை. ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகளின் எடை, 75 முதல் 137 சிகரெட் எரிந்தால் வரும் நுண்துகளுக்குச் சமம் என்று கண்டார்கள். வகைக்கு வகை வேறுபாடு உண்டு. சில சுருள்களில் ஃபார்மால்டிஹைடு என்னும் நச்சு வாயு 51 சிகரெட் அளவுக்கு வந்தது. நம் ஊர்க் கடையில் வாங்கிய சுருளும் அந்தச் சோதனையில் இருந்தது என்பதை இன்னொரு முறை சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இந்தச் செய்தி ஆங்கில மருத்துவ இதழில் வெளியாகி இருபது ஆண்டுக்கு மேல் ஆகியும், கொசுவத்தியைக் கொளுத்தும் கைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

அதற்கும் முன்னால் ஒரு செய்தி உண்டு. 1990களின் முதற்பாதியில் கோலாலம்பூரில் மருத்துவர் அசிசி ஓமாரும் அவருடைய குழுவினரும் பிள்ளைகளின் ஆஸ்துமாவுக்கு வீட்டுக்குள்ளேயே காரணம் தேடினார்கள். வாரத்தில் மூன்று இரவுக்குக் குறையாமல் கொசுவத்திப் புகையில் தூங்கும் பிள்ளைகளுக்கும், புகைபிடிக்கும் பெரியவரோடு ஒரே அறையில் படுக்கும் பிள்ளைகளுக்கும் ஆஸ்துமா வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. வெளிநாட்டு ஆய்வு என்று தள்ளிவிட முடியாது. நம் மருத்துவமனை, நம் பிள்ளைகள்.

கிராமத்துப் பெண்களுக்கு வீட்டுக்குள் புகும் புகையின் கேடு தெரியவில்லை, அவர்களுக்கு விழிப்புணர்வு ஊட்ட வேண்டும் என்று கருத்தரங்குகளில் சொல்லப்படுவதுண்டு. பாதி உண்மை. எந்தப் புகை கெட்டது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். கண்ணைக் கரிக்கிற புகை, பாத்திரத்தைக் கரியாக்கும் புகை, துணியில் நாறும் புகை. இதையெல்லாம் தோட்டத்துப் பாட்டிகளுக்கு யாரும் பாடமெடுக்க வேண்டியதில்லை. தெரியாமல் இருப்பது மணக்கிற புகையைப் பற்றித்தான். சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவத்தி இவையெல்லாம் வீட்டைக் காக்க வந்தவை என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. அது பதிந்த இடம் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயம்.

குருபோங்கைச் சுற்றி இன்றைக்குத் தொழிற்பேட்டையும் அடுக்கடுக்காய்த் தரைவீடுகளும். மலாக்கா நகரத்துக் குப்பையைப் பல ஆண்டுகள் தாங்கிய குப்பைமேடும் இந்த ஊர்ப் பக்கம்தான் இருந்தது. ஆனாலும் இந்த வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஒரு தலைமுறை பின்னால் போனால் பால்மரக்காடு, அதாவது ரப்பர் தோட்டம், வந்துவிடும். பெர்த்தாம் உலுவில் உள்ள தமிழ்ப்பள்ளி இன்றும் தன் பெயரில் தோட்டத்தைச் சுமந்துகொண்டிருக்கிறது. பெரட்டு என்னும் காலை ஆள்கணக்கெடுப்புக்குப் போகும் முன்பே, இருட்டோடு எழுந்து, பால்மர விறகை அடுக்கி, ஊதாங்குழலால் ஊதி, கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் கட்டிக் கொடுத்துவிட்டுத் தானும் மரம் வெட்டப் போன பெண்கள் இன்றைக்கு எழுபதைத் தாண்டியவர்களாகத் தாமான் வீடுகளின் முன்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். பட்ட பால்மரக் கொம்புக்குக் காசு கிடையாது, பொறுக்கிக்கொண்டு வந்தால் போதும். மழைக்காலத்தில் ஈர விறகு எரியாமல் புகையும். அதற்குக் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றுவார்கள், புகை இன்னும் கறுக்கும்.

தோட்டமே புகையால் நடந்த இடம்தான். பாலை உறைய வைத்து உருளையில் தேய்த்த ரப்பர் சீட்டைப் புகைக்கொட்டகையில் நாள்கணக்காகத் தொங்கவிடுவார்கள். விறகு மூட்டத்தில் அது பழுப்பேறி, பூஞ்சணம் பிடிக்காத சரக்காகிக் கப்பலேறும். மாட்டுத்தொழுவத்தில் ஈயும் கொசுவும் அண்டாமலிருக்கத் தேங்காய் மட்டையில் மூட்டம் போடுவார்கள். கொசு என்றால் அந்தக் காலத்தில் வெறும் அரிப்பு அல்ல, மலேரியா. கிள்ளானில் 1901 வாக்கில் மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடித்துக் காட்டும் வரை, தோட்டத்துக்கு வந்த கூலிகளை மலேரியா கூட்டங்கூட்டமாய்த் தின்றது. ஆகவே புகை போடுவது புத்தியுள்ள செயலாகத்தான் இருந்தது. பாட்டி முட்டாள்தனமாக மூட்டம் போடவில்லை. உயிர் காக்கும் பழக்கமாக வந்தது, காரணம் போன பிறகும் கையை விட்டுப் போகவில்லை.

இப்போது கொசுவைக் கண்டு நாம் பயப்படுவது டெங்கிக்காக. 2023இல் மட்டும் நாட்டில் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு டெங்கி வந்தது. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் பகலில், அதுவும் காலையிலும் பொழுதுசாயும் நேரத்திலும் கடிக்கிறது. பிள்ளைகள் படுத்த பிறகு ராத்திரி பத்து மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலடியில் கொளுத்தி வைக்கும் சுருள் ஏடிஸ் கொசுவுக்குப் பெரிய இடைஞ்சல் தராது. பிள்ளையின் மூச்சுக்குழாய்க்குத்தான் விடிய விடிய இடைஞ்சல்.

இந்தச் சுருள் வடிவத்துக்கே ஒரு பெண்தான் காரணம் என்பது சுவையான சங்கதி. ஜப்பானில் உவேயாமா எயிச்சிரோ 1890 வாக்கில் ஊதுபத்திபோல நீளக் குச்சியாகக் கொசுவத்தி செய்தார். அது முக்கால் மணி நேரத்துக்குள் எரிந்து தீர்ந்தது. சுருண்டு கிடந்த பாம்பைப் பார்த்த அவர் மனைவி யூகி, குச்சியையும் இப்படிச் சுருட்டினால் என்ன என்று கேட்டாராம். சுருள் கடைக்கு வந்தது 1902இல். இரவு முழுக்கத் தாங்கும் புகை என்பது அன்றைக்கு விற்பனைக்கான பெருமை. நுரையீரலுக்கு அதுவே தொல்லை.

பழைய விறகடுப்பு எப்படிப் போனது என்று பார்த்தால் இன்றைய சிக்கலுக்கு ஒரு வழி தெரியும். அது சுகாதாரப் பேச்சால் போகவில்லை. மலேசியாவில் 14 கிலோ கேஸ் தோங், அதாவது சிலிண்டர், அரசு மானியத்தில் 26 வெள்ளி 60 காசுக்குக் கிடைக்கிறது. மோட்டாரில் கொண்டுவந்து வீட்டில் இறக்கிவிட்டு, காலித் தோங்கை எடுத்துக்கொண்டு போகிறார்கள். விறகு பொறுக்கும் நேரத்தையும் காட்டுப்பாதையையும் எண்ணிப் பார்த்தால் கேஸ்தான் மலிவு. தோட்டம் துண்டாடப்பட்டு, மக்கள் தாமானுக்கு வந்தபோது விறகும் கூட வரவில்லை. பெண்கள் ஒரு தலைமுறைக்குள் மாறிவிட்டார்கள். யாரும் பட்டறை நடத்தி அவர்களை மாற்றவில்லை.

தமிழ்நாட்டில் நடந்த ஆய்வுகள் இதையே இன்னும் தெளிவாகக் காட்டின. சென்னை போரூர் ஸ்ரீராமச்சந்திரா மருத்துவக் கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த கல்பனா பாலகிருஷ்ணனும் அவரது குழுவும் இருபது ஆண்டுக்கு மேலாகத் தமிழ்நாட்டுக் கிராமத்து அடுப்படிகளில் காற்றை அளந்து வருபவர்கள். நான்கு மாவட்டங்களில் 436 வீடுகளில் அளந்து 2002இல் அவர்கள் வெளியிட்ட கணக்கில், விறகு, வறட்டி போன்றவை எரியும் நேரத்தில் மூச்சில் இறங்கும் தூசு கனமீட்டருக்கு 500 முதல் 2000 மைக்ரோகிராம் வரை போனது. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் நுண்துகளுக்கு வைத்த ஒரு நாள் வரம்பு 15 மைக்ரோகிராம். இரண்டும் அச்சாக ஒரே அளவையில்லை என்றாலும் தூரம் எவ்வளவு என்பது புரியும்.

பிறகு வந்தது ஹாப்பின் என்ற பெரிய ஆய்வு. குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளோடு தமிழ்நாட்டின் விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளும் அதில் சேர்ந்தன. மொத்தம் 3,200 கர்ப்பிணிகள், தமிழ்நாட்டில் மட்டும் 800 பேர். பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும், தீரத் தீரச் சிலிண்டரும் இலவசமாக வீட்டுக்கே வந்தன. அவற்றைப் பெற்ற பெண்கள் கிட்டத்தட்ட முழுக்க முழுக்க கேஸிலேயே சமைத்தார்கள். விறகுச் சமையலின் ருசி, வழக்கம், அறியாமை என்று சொல்லப்பட்ட தடைகளெல்லாம், சிலிண்டர் சும்மா கிடைத்ததும் கரைந்துபோயின. மூச்சில் போன நுண்துகள் விறகடுப்புத் தரப்பில் 70 மைக்ரோகிராம் அளவில் இருந்தபோது, கேஸ் தரப்பில் 24 ஆக இருந்தது.

ஆனால் 2022இல் முடிவு வெளியானபோது ஓர் ஏமாற்றமும் இருந்தது. பிறந்த குழந்தைகளின் எடையில் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கேஸ் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று முழங்கியவர்கள் இதைச் சொல்லாமல் விட்டுவிடக் கூடாது. 24 மைக்ரோகிராம் என்பதும் வரம்பைத் தாண்டியதுதான். வெளிக்காற்று கெட்டிருக்கிறது, பக்கத்து வீட்டு அடுப்பு புகைகிறது, குப்பை எரிகிறது. கர்ப்பம் தரித்த பிறகு அடுப்பை மாற்றுவது காலம் கடந்த காரியமாகவும் இருக்கலாம்.

இந்தியாவின் உஜ்வலா திட்டம் இதன் மறுபக்கம். 2016 மே முதல் தேதி உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் தொடங்கிய திட்டம் கோடிக்கணக்கான ஏழைப் பெண்களின் பெயரில் கேஸ் இணைப்பு கொடுத்தது. விறகடுப்பு ஒரு மணி நேரத்தில் 400 சிகரெட்டுக்குச் சமம் என்று விளம்பரமும் செய்தது. அடுப்பு வந்தது, விழிப்புணர்வும் வந்தது. மறுமுறை சிலிண்டர் வாங்கக் காசு வரவில்லை. தலைமைத் தணிக்கையாளர் 2019இல் கணக்குப் பார்த்தபோது அந்த வீடுகள் ஆண்டுக்குச் சராசரியாக நான்கு சிலிண்டர்கூட வாங்கியிருக்கவில்லை.

இலங்கை மலையகம் இன்னும் வேதனை. நம்மைப் போலவே கங்காணி கூட்டிவந்த சனம், இன்றும் பலர் லயன் அறைகளில். 2021 கடைசியில் கேஸ் சிலிண்டர்கள் அங்கங்கே வெடித்தன. மறு ஆண்டு பொருளாதாரம் சரிந்தபோது 12.5 கிலோ சிலிண்டர் விலை 4,860 ரூபாய்க்கு ஏறியது, அதற்கும் கிடைக்கவில்லை. கொழும்பு நகரத்து அடுக்குமாடிப் பெண்கள்கூட விறகு தேடினார்கள். அவர்களில் எத்தனை பேருக்குப் புகையின் கேடு தெரியாமலிருந்திருக்கும்?

அடுப்பைப் பொறுத்தவரை விழிப்புணர்வைவிட விலை பெரிது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி தேவையில்லை. மலேசியத் தமிழ்ப் பெண்ணுக்கு அந்த விலைப் பிரச்சினை பெருமளவு தீர்ந்துவிட்டது. ஆகவேதான் இங்கே மிச்சமிருக்கும் புகைக்கு உண்மையிலேயே விழிப்புணர்வு தேவைப்படுகிறது. கொசுவத்திக்கும் சாம்பிராணிக்கும் மாற்று வாங்க மானியம் வேண்டியதில்லை. ஜன்னலுக்கு வலை அடிப்பது ஒரு முறைச் செலவு. கொசு முட்டையிடும் பூந்தொட்டித் தட்டில் தண்ணீரைக் கொட்டுவதற்குச் செலவே இல்லை. இங்கே தேவை அறிவுதான், ஆனால் அந்த அறிவு பெண்ணுக்கு மட்டும் இருந்தால் போதாது.

ஊதுபத்தியை எடுத்துக்கொள்வோம். பக்கத்துச் சிங்கப்பூரில் 61 ஆயிரத்துக்கும் அதிகமான சீனர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2008இல் வெளியானது. வீட்டில் நெடுங்காலம் ஊதுபத்தி ஏற்றியவர்களுக்கு வாய், தொண்டை போன்ற மேல் சுவாசப்பாதைப் புற்றுநோய்களும், நுரையீரல் புற்றுநோயில் ஒரு வகையும் கூடுதலாக வந்தன. மொத்த நுரையீரல் புற்றுநோய்க் கணக்கில் அப்படித் தெளிவான தொடர்பு தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு குச்சி ஏற்றிச் சாமி கும்பிடுவதை யாரும் குற்றமாக்க வேண்டாம். மூடிய தரைவீட்டில் காலையும் மாலையும் கொத்தாக ஏற்றிவைப்பது வேறு கதை. கோயிலில் புகை மேலே போக இடமிருக்கிறது, மண்டபம் திறந்திருக்கிறது. நம் வீட்டுச் சாமி அறைக்கோ பெரும்பாலும் ஜன்னலே கிடையாது.

பிள்ளை பெற்ற வீட்டில்தான் இந்த மணக்கும் புகை எல்லை மீறுகிறது. பச்சை உடம்புக்காரிக்குத் தலைக்கு ஊற்றிவிட்டுக் கூந்தலைச் சாம்பிராணிப் புகையில் உலர்த்துவார்கள். குளிப்பாட்டிய சிசுவையும் தணலுக்கு மேலே நாலு சுற்றுச் சுற்றிக் காட்டுவார்கள், சளி பிடிக்காது என்று. சளிக்குப் பயந்து செய்வதே நெஞ்சுக்கு எதிரி. பிறந்த குழந்தை பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுகிறது, அதன் மூச்சுக்குழாய் மிகக் குறுகியது, நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. இதை மருமகளிடம் சொல்லிப் பயனில்லை. அந்த நாற்பது நாளில் வீட்டில் அதிகாரம் மாமியாரிடமோ மருந்து கொடுக்க வரும் பாட்டியிடமோ இருக்கும். தாதி வீடு தேடி வந்து பிள்ளையை எடைபோடும்போது பேச வேண்டியது அந்தப் பெரியவர்களிடம்தான். மல்லுக்கு நிற்காமல், தலையைத் துண்டால் துவட்டிவிட்டு வெயில் படும் திண்ணையில் கொஞ்ச நேரம் உட்காரச் சொன்னால் போதும் என்று மாற்று சொன்னால் கேட்பார்கள்.

சிகரெட் இன்னொன்று. இங்கே பெண்ணுக்கு விழிப்புணர்வு ஊட்டுவதில் என்ன பொருள்? மலேசியாவில் 2019 தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பின்படி ஆண்களில் நூற்றுக்கு 40 பேர் புகைபிடிப்பவர்கள், பெண்களில் ஒருவருக்குச் சற்று மேல். 2011இல் எடுத்த இன்னொரு கணக்கெடுப்பில் பெரியவர்களில் 38.4 விழுக்காட்டினர் வீட்டுக்குள் பிறர் விட்ட புகையை மூச்சிழுப்பதாகச் சொன்னார்கள். உணவுக்கடையில் புகைக்கத் தடை 2019 முதல் இருக்கிறது. 2024 அக்டோபர் முதல் தேதி புதிய புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டமும் நடைமுறைக்கு வந்துவிட்டது. கடையில் அணைத்த சிகரெட்டை வீட்டுச் சோபாவில் பற்றவைப்பதை எந்தச் சட்டமும் தடுக்க வராது. கணவனிடம் “வெளியே போய்ப் பிடிங்க” என்று சொல்லும் தைரியம் எத்தனை வீட்டில் இருக்கிறது என்பது சுகாதாரக் கேள்வியா, குடும்பக் கேள்வியா?

வீடு கட்டிய விதமும் சேர்ந்துகொள்கிறது. லயத்து அடுப்படிக்குத் தகரக் கூரையும் பலகைச் சுவரும். இடுக்கெல்லாம் காற்று. தாமான் தரைவீட்டுக்கு இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர். காற்று வர முன்வாசலும் பின்வாசலும்தான். அந்தப் பின்வாசலையும் விட்டுவைக்கிறோமா? கையில் காசு வந்ததும் முதல் வேலை பின்னால் இருக்கும் கொல்லையை மதில் வரைக்கும் கூரை போட்டு மூடி அடுப்படியைப் பெரிதாக்குவது. ஓடுபதித்து அழகாகத்தான் இருக்கும். காய்ந்த மிளகாயைத் தாளிக்கும்போது முன்கூடத்தில் டிவி பார்ப்பவர் இருமுகிறாரே, அது அந்தக் கூரையின் புண்ணியம். எண்ணெயை அதிகச் சூட்டில் பொரிக்கும் புகையையும், விறகுப் புகையையும், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவையாக இருக்க வாய்ப்புள்ளவை என்ற ஒரே தட்டில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2006லேயே வைத்தது. கேஸ் அடுப்பிலும் நைட்ரஜன் டை ஆக்சைடு வரும். மேலே உறிஞ்சு விசிறி மாட்ட வேண்டும், அது காற்றை வெளியே தள்ள வேண்டும். பல வீடுகளில் அது கண்ணாடி அலமாரிக்கு நடுவில் அலங்காரமாக நிற்கிறது, சத்தம் போடுகிறது என்று ஓடவிடுவதில்லை.

வெளியே புகைமூட்டம் வரும்போது மட்டும் எல்லோரும் காற்றைப் பற்றிப் பேசுகிறோம். 2013 ஜூனில் பக்கத்து மூவாரில் காற்றுக் குறியீடு 746 தொட்டு அவசரநிலை அறிவிக்கப்பட்டபோது மலாக்காவிலும் பள்ளிகள் மூடப்பட்டன, முகக்கவசம் கிடைக்கவில்லை. கைப்பேசியில் மணிக்கொரு தரம் எண்ணைப் பார்த்தார்கள். அப்படிப் பார்த்துவிட்டு, எல்லா ஜன்னலையும் இறுகச் சாத்திக்கொண்டு, கொசுவத்தியும் கொளுத்தினார்கள். வெளிக்காற்றை அளக்கச் சுற்றுச்சூழல் துறைக்குப் புக்கிட் ரம்பாயில் நிலையம் இருக்கிறது. சாமி அறையையும் அடுப்படியையும் பிள்ளையின் படுக்கையையும் அளக்க யாரும் வருவதில்லை.

உலகச் சுகாதார நிறுவனக் கணக்கில் 2020இல் மட்டும் வீட்டுப் புகையால் 32 லட்சம் பேர் இறந்தார்கள், அவர்களில் 2 லட்சத்து 37 ஆயிரம் பேர் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். பெரும்பகுதி ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் விறகு, கரி, சாணம் எரிக்கும் வீடுகளில். குருபோங் அந்தக் கணக்கின் நடுவில் இல்லை. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு காலத்தில் இருந்த பெண்கள் குருபோங்கில் இருக்கிறார்கள்.

சீனாவின் யுன்னான் மாநிலத்தில் சுவான்வெய் என்ற ஊர். அங்கே பெண்கள் சிகரெட்டைத் தொட்டதேயில்லை என்று சொல்லலாம், ஆனால் நுரையீரல் புற்றுநோய் அவர்களை வாரிக்கொண்டு போனது. புகைபோக்கி இல்லாத அடுப்பில் எரித்த நிலக்கரிதான் காரணம். புகைபோக்கி வைத்த வீடுகளில் பிற்காலத்தில் பெண்களின் நுரையீரல் புற்றுநோய் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது என்று 2002இல் ஆய்வு வெளியானது. குறைவதற்கு ஆண்டுகள் பிடித்தன. இன்றைக்கு அடுப்பை மாற்றியதால் நேற்றைய புகை நெஞ்சை விட்டு உடனே போய்விடுவதில்லை.

தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்தில் 45 கிராமங்களில் புகைபிடிக்காத 900 பெண்களைச் சோதித்தபோது நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு மூச்சுப்பாதை அடைக்கும் சிஓபிடி இருந்தது. நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விறகடுப்பில் நின்றவர்களிடம் கூடுதல். உலக அளவில் மருத்துவர்கள் பின்பற்றும் ‘கோல்ட்’ வழிகாட்டி 2023இல் விறகுப் புகையாலும் காற்று மாசாலும் வரும் சிஓபிடியைத் தனி வகையாகவே பிரித்துவிட்டது.

தாமான் வீட்டு முன்கூடத்தில் இருக்கும் அந்தப் பாட்டிக்குப் படியேறினால் மூச்சு வாங்குகிறது. வயசாகிவிட்டது என்கிறாள். கிளினிக்கில் இழுப்பு என்று மருந்து தருகிறார்கள், மழைக்காலத்தில் நெபுலைசர் வைக்கிறார்கள். மருத்துவர் மலாயில் கேட்கும் வழக்கமான கேள்வி ஒன்று உண்டு: புகைபிடிப்பீர்களா? பாட்டிக்குச் சிரிப்புத்தான் வரும். இல்லை என்று தலையாட்டுவாள். பதில் படிவத்தில் ஏறிவிடும். முப்பது வருடப் பால்மர விறகு அந்த ‘இல்லை’க்குள் மறைந்துபோகும். அவளுக்கு அதைச் சொல்லத் தோன்றாது, புகை அவளுக்கு வேலையின் ஒரு பாகம், நோயின் காரணம் அல்ல.

செய்யக்கூடியது அதிகம் சிக்கலானதல்ல. பாயா ரும்புட், பெர்த்தாம் உலு தமிழ்ப்பள்ளிகளில் அறிவியல் ஆசிரியர் ஒரு கொசுவத்தித் துண்டை வெள்ளைக் கைக்குட்டைக்குக் கீழே பத்து நிமிடம் பிடித்துக் காட்டினால், அதே பிள்ளை அன்று மாலை வீட்டில் பிரசாரம் செய்யும். கோயில் நிர்வாகம் ஆடி மாதக் கூழுக்கு வரும் பெண்களிடம் அரைமணி நேரம் பேசத் தாதியை அழைக்கலாம், கூட ஆண்களையும் உட்கார வைக்கலாம். மின்னல் எஃப்எம் காலை நிகழ்ச்சியில் காற்றுக் குறியீடு வாசிக்கும்போது, புகைமூட்ட நாளில் வீட்டுக்குள் எதையும் கொளுத்த வேண்டாம் என்று ஒரு வரி சேர்க்கலாம். கொசுவத்தி டப்பாவில் புகையைப் பற்றிய எச்சரிக்கையைத் தமிழிலும் அச்சிடக் கேட்கலாம். சுருள் கொளுத்தியே தீர வேண்டும் என்றால் வாசலுக்கு வெளியே, காற்று போகும் பக்கம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கிளினிக் படிவம். அறுபது தாண்டிய தோட்டத்துப் பெண்கள் வரும்போது ஸ்பைரோமெட்ரி என்னும் ஊதிப் பார்க்கும் சோதனைக்கு அனுப்புவதற்கு முன், அவர்களுடைய மொழியில் ஒரு கேள்வி கேட்க வேண்டும், பதிலை எழுதிக்கொள்ள வேண்டும்: “பாட்டி, எத்தனை வருஷம் விறகடுப்பில் சமைச்சீங்க?”